மடு போகிற வழியில் துணை நின்றவர்களுக்கு

மடு மாதா ஆவணித் திருவிழாவுக்காக ராயபுரத்திலிருந்து நானும் அம்மாவும் என் பையனும் இலங்கை போயிருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வேனில் போகும்போது, ஏ9 வீதியில், எங்கள் கண்ணெதிரே ஒரு லாரி மோட்டார் சைக்கிளில் வந்த தம்பியை அடித்துப் போட்டுவிட்டது. அந்தத் தம்பி பிழைக்கவில்லை. அன்றைக்கும் அதற்குப் பிறகும் எங்களைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் மனசு ஆறாது.

முதலில் வேன் ஓட்டிய அண்ணனுக்கு. நமக்கேன் வம்பு என்று அவர் போய்க்கொண்டே இருந்திருக்கலாம். தம்பி கிடந்த இடத்துக்கு முன்னால் வேனைக் குறுக்காக நிறுத்தி, நாலு இண்டிகேட்டரையும் எரியவிட்டு, வந்த வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தினார். 1990-க்குப் போன் போட்டதும் அவர்தான். அது நம்மூர் 108 மாதிரி இலவச ஆம்புலன்ஸ். 2016-ல் இந்திய உதவியோடு அங்கே தொடங்கியது. போலீஸ் வந்து பார்த்த பிறகு, சிதறிக் கிடந்த ஒற்றைச் செருப்பு, சாப்பாட்டு டப்பா, பர்ஸ் எல்லாவற்றையும் பொறுக்கித் தன் துண்டில் முடிந்து, ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தார்.

அடுத்து, ரோட்டோர வீட்டிலிருந்து ஓடிவந்த அக்காவுக்கு. யாரோ ஹெல்மெட்டைக் கழற்றப் போனபோது, "கழட்டாதேங்கோ, கழுத்தை அசைக்காதேங்கோ" என்று சத்தம் போட்டுத் தடுத்தவர் அவர். கொதிக்கிற தார் ரோட்டில் முட்டி போட்டு, இரண்டு உள்ளங்கையாலும் தலையை அணைத்துப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நான் இருக்கிறன், பயப்பிடாதை" என்று ஆம்புலன்ஸ் வரும்வரை பேசிக்கொண்டே இருந்தார். அம்மா தண்ணீர் பாட்டிலோடு ஓடினார். "வேண்டாம் அம்மா, இப்ப குடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது என்று தெரிந்ததும் அம்மாவுக்கு அந்தத் தண்ணீர்தான் மனசில் நின்றது. "சாகப் போற புள்ளைக்கு ஒரு வாய் தண்ணி குடுக்காம நின்னுட்டேனே" என்று ராயபுரம் வந்த பிறகும் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து அழுவார். சோறு இறங்கவில்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொன்னவர் பங்குக் கோயில் சிஸ்டர். மனநலப் பிரிவு டாக்டரம்மா, வெளியே அவ்வளவு கூட்டம் காத்திருந்தும், அம்மா பேசி முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு சொன்னார்: நினைவு தப்புகிறவருக்குத் தண்ணீர் கொடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தால் அதற்கும் ஆபத்து, கொடுக்காமல் விட்டதுதான் அந்தப் பிள்ளைக்குச் செய்த நன்மை. அம்மாவுக்குப் புரிகிற பேச்சில், திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றைக்குத்தான் அம்மா வயிறாரச் சாப்பிட்டார். போனிலேயே மனநல ஆலோசனை சொல்கிற டெலி மானஸ் எண் 14416-ஐயும் டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். நடுராத்திரியில் நெஞ்சு படபடத்தபோது அதில் பொறுமையாகப் பேசியவர்களுக்கும் நன்றி. அடிபட்டவருக்குத்தான் வைத்தியம் என்று யாரும் இருந்துவிடாதீர்கள், பார்த்தவர்களுக்கும் வேண்டியிருக்கிறது.

பையனுக்கு லாரி ஹாரன் கேட்டாலே உடம்பு நடுங்கியது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற ஏரியாவில் அவனை எப்படி ஸ்கூலுக்கு அனுப்புவது? எதிர்வீட்டு ஆட்டோ அண்ணன் தானாகவே வந்து, மெயின் ரோடு பக்கமே போகாமல், கல்மண்டபம் சந்துகளில் சுற்றிக் கொண்டுபோய் விட்டார். காசை நீட்டினால், "அட, வைம்மா" என்பார். இப்போது பையன் நண்பர்களோடு நடந்தே போகிறான்.

வாக்குமூலத்தைத் தமிழில் எழுதி, நிதானமாக வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிய போலீஸ்காரருக்கும், எங்களை உட்காரவைத்துப் பிளேன் டீ கொடுத்துக் காசு வாங்க மறுத்த கடைக்காரருக்கும் நன்றி.

அந்தத் தம்பியின் வீட்டாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளை தனியாகக் கிடக்கவில்லை. ரோட்டில் கிடந்த நேரம் முழுக்க அவன் தலை அந்த அக்காவின் கையில்தான் இருந்தது. ராயப்பர் கோயிலில் அவனுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தோம்.

அந்த அக்காவின் பெயர் எங்களுக்குத் தெரியாது. அவரைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால், ராயபுரத்தில் ஒரு அம்மா தினமும் அவருக்காகச் செபமாலை சொல்கிறார் என்று சொல்லிவிடுங்கள்.

நன்றியுடன்,
ராயபுரத்திலிருந்து ஒரு மகள்