மாலதிக்கு ஷெஃபீல்டிலிருந்து

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. "நல்லாத்தான் தெரியுதே" என்று பாதியில் நிறுத்திவிடுவார், எனக்கு அம்மாவைத் தெரியாதா? இங்கே இன்னும் குளிர் விடவில்லை. நான் நலம். முழங்கால் வலி மட்டும் வந்து வந்து போகிறது.

யாழினி கேட்டதாக எழுதியிருந்தாயே, அந்தக் கேள்விதான் ஒரு வாரமாக எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. "சித்தி பீர் தயாரிக்கிற இடத்துல வேலை பாக்குறாங்களே, அங்க பொம்பளைங்கள மதிப்பாங்களா?" நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிற பெண், நாளைக்கு இந்த வேலைக்கே வரக்கூடியவள். "மதிப்பாங்க" என்று ஒரு வார்த்தையில் முடித்தால் பொய்யாகிவிடும். அதனால் நீளமாகவே எழுதுகிறேன். அவளிடமும் படிக்கக் கொடு.

வேலை எனக்குப் பிடித்த வேலை. காலையில் போனதும் தொட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து, மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம் கலந்து, மைக்ராஸ்கோப்பில் ஈஸ்ட் எண்ணுவேன். உயிருள்ள செல் நிறமில்லாமல் நிற்கும், செத்தது நீலமாகிவிடும். ஹாஸ்டலில் விடிய விடிய ரெக்கார்டு நோட்டில் வரைந்தோமே, அதே படம். மாவு புளிக்கிற வாசனையை வைத்தே நாளைக்கு இட்லி எப்படி வரும் என்று உன் பாட்டி சொல்வார் இல்லையா? இருபது வருஷத்தில் எனக்கும் அந்த மூக்கு வந்துவிட்டது. இதில் ஆண் பெண் என்று ஒன்றும் இல்லை. ஈஸ்டுக்கு யார் எண்ணினாலும் ஒன்றுதான்.

சிக்கல் தொட்டிக்கு வெளியே, பெயர் வைக்கிற இடத்தில் இருக்கிறது.

இங்கே பப்பில் கவுன்ட்டர் மேல் வரிசையாகக் கைப்பிடிகள் நிற்கும். கீழே நிலவறையில் இருக்கிற பீப்பாயிலிருந்து பீரை மேலே இழுக்கிற கை பம்பு அது. ஒவ்வொரு கைப்பிடியிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வில்லை மாட்டியிருக்கும். பம்ப் கிளிப் என்பார்கள். பீரின் பெயரும் படமும் அதில்தான். சின்ன ஆலைகளுக்கு டிவியில் விளம்பரம் கொடுக்கக் காசு ஏது? அந்த உள்ளங்கை அகலம்தான் அவர்களுடைய மொத்த விளம்பரமும். அதில் எத்தனையோ வருஷமாக அரைகுறை ஆடையில் ஒரு பெண்ணை வரைந்து, இரட்டை அர்த்தத்தில் ஒரு பெயர் வைப்பதை வழக்கமாக்கி வைத்திருந்தார்கள்.

வெளிர் நிற பீருக்கு 'பிளாண்ட்' என்று பெயர். பொன்னிற முடியுள்ள பெண்ணையும் அதே சொல்லால்தான் சொல்வார்கள். அதை வைத்து 'டிஸ்ஸி பிளாண்ட்' என்று ஒரு பீர், அதாவது தலை கிறுகிறுத்த, புத்தி மட்டமான பொன்முடிக்காரி. 'ஸ்லாக் ஆலிஸ்' என்று ஓர் ஆப்பிள் சைடர். 'கொஞ்சம் டார்ட்' என்று அதற்கு விளக்கம் வேறு. அந்தச் சொல்லுக்குப் புளிப்பு என்றும் பொருள், நடத்தை கெட்டவள் என்றும் பொருள். 'வில்லேஜ் பைக்' என்று இன்னொன்று. ஊரில் யார் வேண்டுமானாலும் ஏறிப்போகிற சைக்கிள் என்று ஒரு பெண்ணைச் சொன்னால் என்ன வசை என்று உனக்கு நான் விளக்க வேண்டாம். அமெரிக்காவில் 'பான்டி பீலர்', 'லெக் ஸ்பிரெடர்' என்றெல்லாம் வைத்தார்கள். முதலாவது உள்ளாடையை உரிப்பது. இரண்டாவதை மொழிபெயர்க்க எனக்குக் கை வரவில்லை.

இந்தக் கடைசி இரண்டும்தான் என்னை அதிகம் சுடுகின்றன. மற்றவை பெண்ணைக் கேலிப்பொருளாக்குகின்றன. இவை அதற்கும் மேலே போகின்றன. இதை ஊற்றிக் கொடு, அவள் நிலை தவறுவாள், அப்புறம் உன் இஷ்டம் என்று சொல்கின்றன. நினைவு தப்பிய பெண்ணால் சம்மதம் சொல்ல முடியாது. அவளுக்கு நேர்வதை ஒரு பாட்டிலின் சிறப்பாக அச்சடித்து விற்கிறார்கள், மாலதி.

இதை இதுவரை உனக்குச் சொன்னதில்லை. இப்போதைய இடத்துக்கு வருவதற்கு முன்னால் வேறொரு சின்ன ஆலையில் இருந்தேன். அங்கே கோடைக்கு என்று ஒரு பிளாண்ட் பீர் போட்டோம். தண்ணீரில் உப்பைச் சரிசெய்தது நான், ஈஸ்டைத் தேர்ந்தெடுத்தது நான், ராத்திரி வெப்பம் ஏறுகிறதா என்று போய்ப் பார்த்து வந்ததும் நான். பெயர் வைக்கிற கூட்டத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடவில்லை. திருவிழாக் கடையில் நிற்பதற்குச் சட்டை கொடுத்தபோதுதான் பெயரே தெரியும். நெஞ்சுக்குக் குறுக்கே பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஆறு மணி நேரம் நின்றேன். வந்தவர்களில் ஒருவர் அந்தப் பெயரை என் சட்டையில் மெதுவாகப் படித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "அது நீதானா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பீரை ஊற்றிக் கொடுத்தேன். மறுநாள் மேலாளரிடம் சொன்னேன். "சும்மா தமாஷுக்கு வைத்தது, யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை" என்றார். எட்டு மாதத்தில் வேறு வேலை தேடிக்கொண்டேன். ஏன் மாறினேன் என்று நீ கேட்டபோது சம்பளம் போதவில்லை என்று எழுதினேன். காரணம் இதுதான்.

அதனால்தான் பெயர் விஷயம் வாங்குகிறவரோடு முடிந்துவிடுகிறது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. அந்தப் பெயரை வைத்தபோது அதே கூரைக்குக் கீழே நான் இருந்தேன். நான் அவர்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். பெரிய ஆலைகளிலும் இதே கதைதான். 1991ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், செயின்ட் பால் நகரத்து ஸ்ட்ரோ பீர் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் பாலியல் தொல்லைக்காக வழக்குப் போட்டார்கள். அந்த நிறுவனம் அப்போது ஓல்ட் மில்வாக்கி பீருக்காக 'ஸ்வீடிஷ் பிகினி டீம்' என்று ஒரு விளம்பரம் காட்டிக்கொண்டிருந்தது. உள்ளே எங்களுக்கு நடப்பதை வெளியே ஓடுகிற இந்த விளம்பரம் ஊக்கப்படுத்துகிறது என்பது அந்தப் பெண்களின் வாதம். என்ன ஒரு தைரியம் பார்.

இங்கே மாற்றம் மெல்லத்தான் வந்தது. 2012 பிப்ரவரியில் லண்டன் நாடாளுமன்றத்துக்குள்ளேயே இருக்கிற பாரில் 'டாப் டோட்டி' என்ற பீரை வைத்திருந்தார்கள். கிளிப்பில் முயல் காது வைத்த பிகினிப் பெண். கேட் கிரீன் என்ற உறுப்பினர் அவையிலேயே எழுந்து கேட்டார், அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். அதற்கு அவர் வாங்கிய கேலி கொஞ்சமல்ல. 2017ல் அமெரிக்கச் சிறு ஆலைகளின் சங்கமான ப்ரூவர்ஸ் அசோசியேஷன் ஒரு விதி கொண்டுவந்தது. ஆபாசமான, இழிவான பெயருள்ள பீர் போட்டியில் பதக்கம் வென்றாலும் அந்தப் பதக்கத்தைச் சொல்லி விளம்பரம் செய்ய முடியாது. 2019 ஆகஸ்ட்டில் லண்டன் ஒலிம்பியாவில் நடந்த பெரிய பீர் திருவிழாவில், அதை நடத்துகிற கேம்ரா அமைப்பு இப்படிப்பட்ட பெயர்களையும் படங்களையும் உள்ளேயே விடவில்லை. மேலே சொன்ன டிஸ்ஸி பிளாண்டும் ஸ்லாக் ஆலிஸும் வில்லேஜ் பைக்கும் அப்போது வெளியே நின்றவைதான். ஆயிரத்துக்கும் மேல் பீரும் சைடரும் இருந்த கூடத்தில் நானும் நடந்து பார்த்தேன். ஒவ்வொரு வில்லையிலும் பீருக்குக் கசப்பு தருகிற ஹாப்ஸ் கொடி, பாலம், ரயில், நாய்க்குட்டி. என் பின்னால் நின்று யாரும் இளிக்கவில்லை. அன்று எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா?

கருத்துச் சுதந்திரம் என்ன ஆவது என்று கேட்கிறவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஃப்ளையிங் டாக் என்ற மேரிலாந்து ஆலையின் 'ரேஜிங் பிட்ச்' (வெறிகொண்ட பெட்டை நாய், பெண்ணுக்கு வசை) பீரை விற்கக்கூடாது என்று மிச்சிகன் மாநில மது ஆணையம் 2009ல் சொன்னது. ஆலை நீதிமன்றம் போனது, தடை விலகியது. அரசாங்கம் பெயர்களைத் தடை செய்வது எனக்கும் சம்மதமில்லை. இன்றைக்கு இதைத் தடுக்கிற கை நாளைக்கு வேறொன்றையும் தடுக்கும். ஆனால் என் வீட்டுத் திருவிழாவில் எதை மேசையில் வைப்பது என்று நான் முடிவு செய்வதும் சுதந்திரம்தான். கேம்ரா செய்தது அது.

கிளிப்பை மாற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் யாழினி நினைத்துவிடக்கூடாது. 2021 மே மாதம் மாசசூசெட்ஸில் பிரியேன் ஆலன் என்ற பீர் தயாரிப்பாளர், இந்தத் தொழிலில் பெண் என்பதற்காக உங்களிடம் இழிவாகப் பேசியது என்ன என்று இன்ஸ்டாகிராமில் கேட்டார். ஆயிரத்துக்கும் மேல் பதில்கள் கொட்டின. வெறும் பேச்சு இல்லை, தொல்லையும் தாக்குதலும். பெயர் பெற்ற சில ஆலைகளின் தலைவர்கள் பதவி விலகினார்கள். நான் இரண்டு ராத்திரி தூங்காமல் படித்தேன். அழகான, நாகரிகமான கிளிப் போட்ட ஆலைகளும் அதில் இருந்தன.

வருத்தம் என்ன தெரியுமா, இது முதலில் பெண்கள் தொழில்தான். சுமேரியர்களுக்கு பீரின் தெய்வமே நின்காசி என்ற பெண். இங்கிலாந்தில் இடைக்காலத்தில் வீட்டுக்கு வீடு ஏல் என்ற பீர் காய்ச்சி விற்றவர்கள் பெண்கள். ப்ரூஸ்டர் என்ற குடும்பப் பெயர் பீர் காய்ச்சுகிறவளைக் குறித்த சொல்தான். அப்புறம் ஹாப்ஸ் வந்தது. ஹாப்ஸ் போட்ட பீர் சீக்கிரம் கெடாது, தூரம் போகும், பெரிய அளவில் காய்ச்சலாம். அதற்கு முதலீடு வேண்டும், கடன் வேண்டும். இரண்டும் ஆண்களுக்குத்தான் கிடைத்தன. அடுப்படியிலிருந்து அவளை அனுப்பிவிட்டு, பின்னால் பீப்பாய் மேல் படமாக வரைந்தார்கள். 2018ல் இங்கே எடுத்த ஒரு கணக்குப்படி, வாரம் ஒரு முறையாவது பீர் குடிக்கிற ஆண்கள் 53 சதவீதம், பெண்கள் 17 சதவீதம். பெண்களுக்குக் கசப்பு பிடிக்காது என்று எங்கள் விற்பனைப் பையன்கள் சொல்வார்கள். இதே பெண்கள் கடுங்காப்பி குடிக்கிறார்கள்.

சரி, யாழினிக்கு என் பதில். இந்த வேலைக்கு வரலாம். நேர்முகத் தேர்வுக்குப் போகிற இடத்தில் முதலில் சுவரைப் பார்க்கட்டும், பழைய கிளிப்பெல்லாம் அங்கே மாட்டி வைத்திருப்பார்கள். பெயர் வைக்கிற கூட்டத்தில் யார் யார் உட்காருவார்கள் என்று கேட்கட்டும். கேட்டால் வேலை கிடைக்காது என்று பயப்பட வேண்டாம். கேட்காமல் சேர்ந்த வேலையில் நான் நின்ற ஆறு மணி நேரம் அவளுக்கு வேண்டாம்.

மார்ச் 8, பெண்கள் தினத்துக்கு எங்கள் ஆலைப் பெண்கள் சேர்ந்து ஒரு கறுப்பு பீர் காய்ச்சுகிறோம். ஏலக்காய் கொஞ்சம் போடலாம் என்று சொன்னேன், ஒத்துக்கொண்டார்கள். பெயர் இன்னும் முடிவாகவில்லை. இந்த முறை அந்தக் கூட்டத்தில் நானும் இருக்கிறேன். புதன்கிழமை, பத்து மணிக்கு. யாழினிக்கு ஏதாவது தோன்றினால் அதற்குள் சொல்லச் சொல்.

டிசம்பரில் வருகிறேன். நார்த்தங்காய் ஊறுகாய் எடுத்து வை. அம்மாவுக்கு என் அன்பு.

உன்,
வசந்தி