ஆட மேடை மட்டும் போதாது: நியூ ஜெர்சியின் 250-ஆம் ஆண்டு விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விழாக் குழுவினருக்கு,

வணக்கம். அமெரிக்கா விடுதலையை அறிவித்து 2026 ஜூலை 4 அன்று 250 ஆண்டுகள். அதையொட்டி மாநிலம் முழுக்க நீங்கள் வகுக்கும் நிகழ்ச்சிகளைப் பற்றியது இந்த மடல். மிடில்செக்ஸ் கவுண்டியில் பிள்ளைகளை வளர்க்கும், இந்நாட்டுக் குடியுரிமை பெற்ற ஒரு தமிழ்ப் பெண் நான். இதை உங்களுக்கு ஆங்கிலத்தில் அனுப்புகிறேன். தமிழிலும் வெளியிடக் காரணம், இது என் ஒருத்தியின் விருப்பமாக நின்றுவிடக் கூடாது என்பதுதான். நம் ஆட்களும் படித்துவிட்டுச் சேர்ந்து கேட்க வேண்டும்.

இப்படிப்பட்ட விழாக்களுக்கு எங்களைப் போன்றவர்களை அழைக்கும் முறை பெரும்பாலும் ஒன்றுதான். கலை நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம். பரதநாட்டியம், பறை, அப்புறம் ஓரமாக ஒரு உணவுக் கடை. அந்த அரை மணி நேரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. பிள்ளைகள் மாதக் கணக்கில் பழகி ஆடுகிறார்கள், பார்க்கிறவர்களும் மனதார ரசிக்கிறார்கள். ஆனால் அவர்கள் மேடையை விட்டு இறங்கிய பிறகுதான் வரலாற்றுப் பகுதி தொடங்குகிறது. அங்கே எங்களுக்கு வேலை எதுவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டுவதோடு சரி. இந்த 250-ஆம் ஆண்டில் அந்த வரலாற்றுப் பகுதியிலேயே எங்களுக்கு வேலை கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

எந்த வரலாறு என்று கேட்பீர்கள். விடுதலைப் போரின்போது இந்த மாநிலத்தில் நடந்த ட்ரென்டன், பிரின்ஸ்டன், மான்மத் சண்டைகளைச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள், நன்றாகவே சொல்கிறார்கள். நான் சொல்ல வருவது இந்த மாநிலத்துக்கே உரிய வாக்குரிமைக் கதையை. 1776 ஜூலை 2 அன்று, அதாவது விடுதலைப் பிரகடனத்துக்கு இரண்டு நாள் முன்பே, நியூ ஜெர்சி தனக்கென ஓர் அரசியல் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. பிரிட்டிஷ் கப்பல்கள் சாண்டி ஹூக்குக்கு அருகே வந்து நின்ற நேரம் அது. அவசரத்தில் எழுதிய அந்தச் சட்டம், ஐம்பது பவுண்டு சொத்து இருந்து ஓராண்டு அந்தக் கவுண்டியில் குடியிருந்த, வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்றது. ஆணா பெண்ணா, வெள்ளையரா கறுப்பினத்தவரா என்று எதுவும் சொல்லவில்லை. திருமணமான பெண்ணின் சொத்து அன்றைய சட்டப்படி கணவனுடையது. அதனால் மணமாகாதவர்களும் கைம்பெண்களும்தான் ஓட்டுப் போட முடிந்தது. சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினத்தவர்களில் சொத்து உள்ளவர்களும் போட்டார்கள். 1797-இல் மாநிலம் முழுமைக்குமான தேர்தல் சட்டம் பெண் வாக்காளரையும் வெளிப்படையாகவே குறிப்பிட்டது.

சாமர்செட் கவுண்டியின் மான்ட்காமரி டவுன்ஷிப்பில் 1801-இல் நடந்த ஒரு தேர்தலின் வாக்காளர் பட்டியல் இன்றும் இருக்கிறது. அதில் 46 பெண்களின் பெயர்கள் உள்ளன. இன்று அதே மான்ட்காமரியில் எத்தனையோ இந்தியக் குடும்பங்கள் வீடு வாங்கிக் குடியிருக்கின்றன. அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்தப் பட்டியலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள்? தங்கள் பள்ளி நிற்கும் ஊரில், நாடு முழுக்கப் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்த 1920-க்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னால் பெண்கள் ஓட்டுப் போட்டார்கள் என்று தெரிந்தால் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணின் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பாருங்கள்.

பிறகு அந்த உரிமை பறிபோனது. 1807-இல் எசெக்ஸ் கவுண்டியின் நீதிமன்றக் கட்டடம் நியூவார்க்கிலா எலிசபெத்டவுனிலா என்று ஒரு வாக்கெடுப்பு நடந்தது. கள்ள ஓட்டு மலிந்தது. ஆண்களே பெண் வேடமிட்டு மறுபடி வந்து போட்டார்கள் என்றுகூடப் பேச்சு. அதே ஆண்டு சட்டமன்றம், வரி கட்டும் வெள்ளை ஆண்களுக்கு மட்டுமே ஓட்டு என்று சட்டம் போட்டுவிட்டது. தவறு செய்தவர்கள் ஒரு பக்கம், உரிமை இழந்தவர்கள் வேறு பக்கம். பெண்களுக்கு அது திரும்பக் கிடைக்க 113 ஆண்டுகள் ஆயின. கறுப்பின ஆண்களுக்கு 1870 வரை. அந்த ஆண்டு மார்ச் 31 அன்று, எங்கள் எடிசனுக்குப் பக்கத்தில் இருக்கும் பெர்த் அம்பாயில் தாமஸ் மண்டி பீட்டர்சன் ஓட்டுப் போட்டார். இனத்தைக் காட்டி ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என்ற, அரசியல் சட்டத்தின் பதினைந்தாவது திருத்தத்தின் கீழ் நாட்டிலேயே முதலில் ஓட்டுப் போட்ட கறுப்பின மனிதர் அவர்தான்.

1776-ஐக் கொண்டாடும்போது 1807-ஐயும் அதே மேடையில் சொல்லுங்கள். விழா நாளில் கசப்பான பேச்சு எதற்கு என்று சிலர் தயங்கலாம். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது, ஆனால் ஏற்க முடியவில்லை. 1790-இல் இந்நாட்டின் முதல் குடியுரிமைச் சட்டம் 'சுதந்திரமான வெள்ளையர்' மட்டுமே குடிமக்கள் ஆகலாம் என்றது. 1923-இல், குடியுரிமை கேட்ட பகத் சிங் திண்ட் என்ற இந்தியரின் வழக்கில் இந்தியர்கள் அந்த வரையறைக்குள் வரமாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. 1946-இல்தான் இந்தியர்களுக்குக் குடியுரிமைக் கதவு திறந்தது. 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகே எங்கள் குடும்பங்கள் பெருமளவில் வர முடிந்தது. கொடுத்ததையும் பறித்ததையும் திரும்பப் போராடி வாங்கியதையும் சேர்த்துச் சொன்னால்தான், இந்த நாட்டின் கதைக்குள் நாங்கள் எந்த வழியாக வந்தோம் என்பது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும்.

அடிமை முறையையும் விட்டுவிடாதீர்கள். வடமாநிலங்களில் கடைசியாக ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது நியூ ஜெர்சிதான். 1804-இல் வந்த அந்தச் சட்டமும், அவ்வாண்டு ஜூலை 4-க்குப் பிறகு அடிமைத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கே பொருந்தியது. அவர்களும் பெண் என்றால் 21 வயது வரை, ஆண் என்றால் 25 வயது வரை உழைத்துக் கொடுக்க வேண்டும். அந்த ஜூலை 4-ஐயும் இந்த ஜூலை 4 நினைவுகூர வேண்டாமா? இந்த மண்ணின் பூர்வகுடிகளான லெனாப்பே மக்களின் பகுதியை மட்டும் அவர்களே சொல்லட்டும். எதைச் சொல்வது, எங்கே சொல்வது என்ற முடிவும் அவர்களுடையதாக இருக்கட்டும்.

இனி, எங்கள் பிள்ளைகள் அறிந்தால் துள்ளிக் குதிக்கும் ஒரு பகுதி. 1777 ஜனவரி 2 அன்று ட்ரென்டனில் அசன்பிங்க் ஓடைக்கு அந்தப் பக்கம் வாஷிங்டனை மடக்கிவிட்டதாக நினைத்து, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ். விடிவதற்குள் வாஷிங்டன் படையோடு நழுவி பிரின்ஸ்டனுக்குப் போய்விட்டார். அதே கார்ன்வாலிஸ் 1781-இல் யார்க்டவுனில் தோற்றபின், 1786-இல் இந்தியாவுக்குத் தலைமை ஆளுநராக வந்தார். 1792-இல் திப்பு சுல்தானின் இரண்டு பிள்ளைகளைப் பணயமாக வாங்கினார். அவருடைய சிலை சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நியூ ஜெர்சியில் வாஷிங்டனைத் தப்பவிட்ட மனிதரை எங்கள் ஊரில் சிலையாகப் பார்த்திருக்கிறோம்! திப்புவின் தந்தை ஹைதர் அலியின் பெயரைத் தாங்கிய பென்சில்வேனியப் போர்க்கப்பல் ஒன்று, 1782 ஏப்ரல் 8 அன்று கேப் மே அருகே டெலவேர் விரிகுடாவில் பிரிட்டிஷ் கப்பல் ஒன்றைப் பிடித்தது. ஹைதர் அலி கப்பலின் கேப்டன் ஜோஷுவா பார்னி. பிரிட்டிஷாரை எதிர்த்த மைசூர் ஆட்சியாளர் ஒருவரின் பெயர் அன்று இந்தக் கடற்கரையில் நட்பின் பெயராக இருந்திருக்கிறது.

அதோடு முடியவில்லை. பிரான்ஸ் அமெரிக்கர் பக்கம் இந்த விடுதலைப் போரில் இறங்கியதால் சண்டை எங்கள் கரைக்கும் வந்தது. 1783 ஜூனில் கடலூரில் பிரெஞ்சுப் படையை பிரிட்டிஷ் படை முற்றுகையிட்டது. ஜூன் 20 அன்று அந்தக் கடலில் இரு கடற்படைகளும் மோதின. ஐரோப்பாவில் ஜனவரியிலேயே போர் நிறுத்தத்துக்குக் கையெழுத்தாகிவிட்ட செய்தி அதன் பிறகுதான் வந்து சேர்ந்தது. அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிச் சண்டைகளில் ஒன்று தமிழ்நாட்டில் நடந்தது என்பதை நியூ ஜெர்சியில் எந்த நினைவுப் பலகையிலும் நான் பார்த்ததில்லை.

ஆகவே சில வேண்டுகோள்கள். மான்ட்காமரி பட்டியலை, அதுபோல் கிடைத்திருக்கும் மற்றப் பட்டியல்களையும், அந்தந்த ஊர் நூலகத்தில் பெரிய எழுத்தில் வையுங்கள். ஜூலை 4 அன்று அந்தப் பெயர்களை ஊர்ப் பிள்ளைகளைக் கொண்டே உரக்க வாசிக்கச் செய்யுங்கள். இதற்குப் பெரிய செலவில்லை, வாணவேடிக்கைக்கு ஆகும் பணத்தில் ஒரு துளி போதும். குடியுரிமை உறுதிமொழி நிகழ்ச்சிகள் சிலவற்றைப் போர் நடந்த இடங்களில் நடத்த மத்திய அரசிடம் கேளுங்கள். அங்கேயே வாக்காளர் பதிவுப் படிவமும், 1776 முதல் 1870 வரையிலான இந்தக் கதையும், புதுக் குடிமக்களின் தாய்மொழியில் கையில் கிடைக்கட்டும். ஆசிய அமெரிக்கர் வரலாற்றைப் பள்ளிகளில் கற்பிக்க 2022-இல் இந்த மாநிலம் சட்டம் கொண்டுவந்தது. ஹைதர் அலி கப்பலுக்கும் கடலூருக்கும் அந்தப் பாடத்தில் இடம் உண்டு.

இன்னொன்று. விழா 2026-உடன் முடிந்துவிட வேண்டாம். ட்ரென்டனுக்கு 250 வருவது அந்த ஆண்டின் டிசம்பர் 26-இல், பிரின்ஸ்டனுக்கு 2027 ஜனவரியில், மான்மத்துக்கு 2028 ஜூனில். கடலூருக்கு 2033 ஜூன். அன்று ட்ரென்டனிலும் கடலூரிலும் ஒரே நாளில் பள்ளிப் பிள்ளைகள் பேசிக்கொள்ளும்படி ஒரு நிகழ்ச்சிக்கு இப்போதே குறித்து வையுங்கள். அவ்வளவு முன்கூட்டித் திட்டமிடுவது அரசுக்கு முடியாத காரியம் இல்லை.

வார இறுதிகளில் இந்த மாநிலம் முழுக்கத் தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன. ஆசிரியர்களில் பலர் சம்பளம் வாங்காமல் வருகிறவர்கள். மொழிபெயர்க்க, பாடம் தயாரிக்க, பட்டியல் வாசிக்கப் பிள்ளைகளைப் பழக்க அவர்கள் முன்வருவார்கள் என்று நம்புகிறேன். குழுவின் அடுத்த திட்டமிடல் கூட்டத்துக்கு அவர்களில் இருவரை அழையுங்கள். கலை நிகழ்ச்சிப் பட்டியல் போட இல்லை, வரலாற்று நிகழ்ச்சிகளை முடிவு செய்யும்போதே உங்களோடு உட்கார. கூட்டத்தின் தேதியும் இடமும் தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
மிடில்செக்ஸ் கவுண்டியிலிருந்து ஒரு தமிழ்த் தாய், நியூ ஜெர்சி வாக்காளர்