சிவப்பாக வடிவது இரத்தம் அல்ல, அம்மா

டாண்டினாங், மெல்பர்ன்
22-6-2025

அன்புள்ள அம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் அருளால் நாங்கள் நால்வரும் நலமாக இருக்கிறோம். மேட்டூரில் 12ஆம் தேதி திறந்த தண்ணீர் குடமுருட்டி ஆற்றுக்கு வந்துவிட்டது என்றும், அத்தா குறுவை நாற்றங்காலைப் பார்க்க விடியற்காலையிலேயே கிளம்பிவிடுகிறார்கள் என்றும் தங்கச்சி சொன்னாள். இங்கே ஜூன் மாதம் குளிர்காலம். மாலை ஐந்து மணி தாண்டியதுமே இருட்டிவிடுகிறது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, நான் சுட்ட மாட்டுக்கறியைத் தட்டில் வைத்து வெட்டியதையும், உள்ளே சிவந்திருந்ததையும், தட்டில் சிவப்பாக நீர் வடிந்ததையும் பார்த்துவிட்டு, "இரத்தம் வடியுற கறியையா பிள்ளைங்களுக்குக் கொடுக்குறே?" என்று கேட்டுவிட்டுத் தாங்கள் போனைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டீர்கள். அந்த வாட்டமான முகம் ஒரு வாரமாக என் கண்ணை விட்டு அகலவில்லை. போனில் இதை ஒழுங்காக எடுத்துச் சொல்ல எனக்கு வராது. ஆகையால் உட்கார்ந்து எழுதுகிறேன். தங்கச்சியைப் படித்துக் காட்டச் சொல்லிப் பொறுமையாகக் கேளுங்கள்.

தாங்கள் பார்த்தது இரத்தம் அல்ல, அம்மா. அறுக்கும்போதே உடம்பின் இரத்தத்தில் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. தசைக்குள் மயோகுளோபின் என்று ஒரு புரதம் இருக்கிறது. தசைக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் வேலை. அதில் இரும்பு இருப்பதால் அது சிவப்பாகத் தெரிகிறது. பச்சைக் கறியில் பாதிக்கு மேல் தண்ணீர்தான் என்பதால், அந்தத் தண்ணீரோடு இந்தப் புரதமும் கலந்து வடியும்போது பார்ப்பவர்களுக்கு இரத்தம் போலவே தோன்றுகிறது. அதிகம் உழைக்கும் தசையில் இது அதிகமாக இருக்கும். நாட்டுக்கோழியின் தொடைக்கறி கருத்தும் நெஞ்சுக்கறி வெளுத்தும் இருப்பதைத் தாங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள்; அதற்கும் இதுதான் காரணம். மார்க்கத்தைப் பற்றியும் தங்களுக்குக் கவலை வேண்டாம். குர்ஆனில் 6ஆவது அத்தியாயத்தின் 145ஆவது வசனம் விலக்குவது ஓடும் இரத்தத்தை; கறிக்குள் தங்கிவிட்ட ஈரம் அதில் சேராது என்று இங்குள்ள ஹஜ்ரத்திடமும் கேட்டுத் தெளிந்துகொண்டேன். கறியும் ஆப்கானியர் ஒருவரின் ஹலால் கடையில் வாங்குவதுதான்.

சரியாக வேகாத கறியில் கிருமி இருக்காதா என்று அடுத்துக் கேட்பீர்கள். வெட்டாத முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், கொதிக்கும் இரும்பில் பட்டதும் அது செத்துவிடும். கொத்துக்கறி அப்படியல்ல, அரைக்கும்போது மேலே இருந்தது உள்ளே போய்விடுகிறது என்பதால் அதை முழுவதும் வேகவைத்தே ஆகவேண்டும். அமெரிக்க வேளாண் துறை முழுத் துண்டுக்கு 63 டிகிரி செல்சியஸும் இறக்கியபின் 3 நிமிட ஓய்வும், கொத்துக்கறிக்கு 71 டிகிரியும் சொல்கிறது. கறியில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்றை இதற்காகவே வாங்கி வைத்திருக்கிறேன். பெரியவனுக்கு 63. சின்னவளுக்கு இன்னும் நான்கு வயதே ஆவதால், அவள் துண்டை உள்ளே பழுப்பேறும்வரை விட்டுத்தான் எடுக்கிறேன். அன்று தாங்கள் பார்த்தது என்னுடைய தட்டு.

இனி நான் இதைச் செய்யும் விதத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் பாதி தங்களிடம் கற்றது.

நம் ஊரில் மாட்டுக்கறி பெரும்பாலும் பக்ரீத் பங்கில் வருவது. எலும்பும் சதையும் கலந்து வரும், எல்லாம் ஒரே சட்டியில் ஆணமாகிவிடும். இங்கே உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயரும் ஒரு விலையும் உண்டு. காலும் தோளும் நாள் முழுதும் உழைக்கும் சதை என்பதால் அவற்றில் கொலாஜன் என்ற நார்ப்பொருள் மிகுந்திருக்கும். அது மெல்லிய தீயில் மணிக்கணக்கில் கிடந்தால்தான் இளகிக் குழம்பைக் கெட்டியாக்கும். ஆணத்துக்கு அதைவிடச் சிறந்தது கிடையாது என்பதே இன்றும் என் எண்ணம். முதுகெலும்பை ஒட்டிய சதைக்கு அவ்வளவு வேலை இல்லை. ஸ்காட்ச் ஃபில்லட், போர்ட்டர்ஹவுஸ் என்று இங்கே விற்கப்படுவது அந்தச் சதைதான். அதை நீளவாக்கில் வெட்டாமல் நாருக்குக் குறுக்காக மூன்று சென்டிமீட்டர் கனத்தில் வெட்டினால் அதுவே ஸ்டேக். அதை நெடுநேரம் வேகவைத்தால் இளகாது, காய்ந்து செருப்புத்தோலாகிவிடும்.

முதல் வேலை உப்பு. பக்ரீத் முடிந்ததும் தாங்கள் கறியைக் கீறி, உப்பும் மஞ்சளும் பிசறி, நூலில் கோத்து மொட்டைமாடிக் கொடியில் உப்புக்கண்டம் காயப்போடுவீர்களே, உப்பு போட்ட கொஞ்ச நேரத்தில் பாத்திரத்தின் அடியில் தண்ணீர் நிற்கும். இங்கேயும் அதே சங்கதிதான். கிலோவுக்குப் பத்து கிராம் அளவில் உப்பைத் தடவினால் கறி முதலில் நீர் விடும். அந்த நீரில் உப்புக் கரைந்து, காத்திருந்தால் மெல்லத் திரும்ப உள்ளே இறங்கும். இறங்கிய உப்பு புரதத்தைத் தளர்த்தி, சுடும்போது ஈரம் போகாமல் காக்கிறது. நீர் விட்டு நிற்கிற நேரத்தில் எடுத்துச் சுட்டால் எல்லாம் கெட்டது. ஆகையால் முதல் நாள் இரவே உப்புத் தடவி, கம்பித் தட்டில் மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். காலையில் மேற்புறம் தொட்டால் ஒட்டாமல் உலர்ந்திருக்கும்.

அந்த உலர்வு மிகவும் அவசியம். கறியின் மேல் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அந்தச் சூட்டில் கறி அவியுமே தவிரச் சிவக்காது. ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல்தான் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து அந்தப் பழுப்பு நிறத்தையும் மணத்தையும் தருகின்றன. இதை மெய்லார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912இல் எடுத்துச் சொன்னார் என்பதால் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். தாங்கள் வறுவலைச் சட்டியில் அடிப்பிடிக்கிற நேரம்வரை சுருளக் கிளறுவதும் இதற்காகத்தான் என்று படித்தபோது எனக்குத் தங்கள் அடுப்படி நினைவுக்கு வந்தது.

நல்ல துண்டுக்கு உப்பும் இறக்கும்போது இடித்த மிளகும் போதும், மசாலா வேண்டியதில்லை. வாரநாளில் வாங்கும் மலிவான வயிற்றுப்புறச் சதைக்குத்தான் ஊறவைத்தல் தேவை. அதற்குத் தயிர், இடித்த பூண்டு, இஞ்சி, மிளகு, சீரகம், கொஞ்சம் எண்ணெய் சேர்த்துப் பிசறி நான்கு மணி நேரம் வைக்கிறேன். மசாலா எவ்வளவு நேரம் ஊறினாலும் சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போவதில்லை; ஆழமாகப் போவது உப்பு ஒன்றுதான். புளிப்பு அதிகமாகி நாள்கணக்கில் கிடந்தால் மேற்பரப்பு மாவாகிவிடும். தாங்கள் கிழக்கறிக்குப் பப்பாளிக்காயை அரைத்துப் போடுவது நினைவிருந்ததால் ஒருமுறை அதையும் போட்டு இரவு முழுதும் வைத்துவிட்டேன். காலையில் மேலே கூழாகிவிட்டது. அதிலுள்ள பப்பெயின் என்ற நொதி கறியின் புரதத்தை அறுத்துக்கொண்டே போகுமாம். தாங்கள் ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்கு மேல் போட்டதில்லை என்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. சுடுவதற்கு முன் தயிரை நன்றாக வழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கருகும்.

நெருப்புக்குப் பின்கட்டில் கரியடுப்பு வைத்திருக்கிறேன். மாலி என்ற யூகலிப்டஸ் வகையின் வேர்க்கரி இங்கே பெயர்பெற்றது. ஆனால் கடையில் கொட்டாங்குச்சிக் கரியும் கிடைக்கிறது, எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. அடுப்பில் ஒரு பக்கம் மட்டும் கரியைக் குவித்து மறுபக்கத்தைக் காலியாக விடுகிறேன். தணலின்மேல் இரண்டு பக்கமும் நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டிச் சிவக்கவிட்டு, பிறகு காலியான பக்கம் நகர்த்திப் பக்குவம் வரும்வரை காத்திருப்பேன். அடிக்கடி புரட்டினால் உள்ளே ஒரே சீராக வேகிறது. கொழுப்புச் சொட்டித் தீ எழும்பினால் உடனே நகர்த்த வேண்டும். கோடையில் முழுத் தீத்தடை என்று அரசு அறிவிக்கும் நாள்களில் கரி மூட்டக் கூடாது. அத்தா இதைச் செய்து பார்க்க ஆசைப்பட்டால் கொல்லையில் மட்டுமே செய்யட்டும். மூடிய அறைக்குள் கரி எரிந்தால் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத நச்சுக்காற்று உண்டாகி உயிரையே எடுத்துவிடும்.

இறக்கியதும் வெட்டக்கூடாது. ஐந்து நிமிடம் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் உள்சூடு மேலும் சில டிகிரி ஏறி, சாறு கெட்டிப்பட்டு உள்ளேயே தங்கும். அன்று தங்களிடம் காட்டும் அவசரத்தில் நான் பொறுக்காமல் வெட்டினேன். தட்டில் அவ்வளவு வடிந்ததற்கு என் அவசரமே காரணம்.

இன்ஷா அல்லாஹ், டிசம்பரில் தாங்களும் அத்தாவும் வரும்போது இங்கே கோடையாக இருக்கும். தங்களுக்குச் சிவப்பே தெரியாமல் சுட்டுத் தருகிறேன். கூடவே கால்கறியில் ஆணமும் நெய்ச்சோறும் தாங்கள்தான் ஆக்க வேண்டும். அதற்கு முன் ஓர் உதவி. தாங்கள் உப்புக்கண்டத்துக்குக் கைப்பிடியால் அள்ளிப் போடும் உப்பு கிலோவுக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரிய வேண்டும். அடுத்த முறை போடும்போது, தங்கள் கையில் அள்ளியதை அப்படியே தராசில் வைத்து நிறுத்துத் தங்கச்சியைச் சொல்லச் சொல்லுங்கள். நான் இங்கே குறித்துக்கொள்கிறேன்.

அத்தாவுக்கு என் ஸலாம்.

அன்புள்ள மகன்