மூத்தவளின் கட்டணச் சீட்டு

ஸ்காபரோ
மாசி 18

அன்பின் தேவா,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி? மாஸ்ரர் இன்னும் சைக்கிளில்தான் சந்தைக்குப் போகிறாராமே, அவரை ஒருக்கால் கட்டி வைத்தாவது நிறுத்து.

நீ கார்த்திகையில் எழுதினாய், நான் மாசியில் பதில் போடுகிறேன். பிழை என்னுடையது, திட்டுவதென்றால் திட்டு. போன கிழமை, இங்கே ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் படிக்கிற உன் மூத்தவள் தொலைபேசி எடுத்துக் கதைத்தாள். அதற்குப் பிறகும் தள்ளிப்போட்டால் காரியம் கெட்டுவிடும்.

"படிப்புக் காசு கட்டியாச்சு, அதுக்குக் கீழே இருபது வரியில வேற கணக்கு நிக்குது, இவ்வளவும் ஆர் கேட்டது?" என்றுதானே எழுதியிருந்தாய்? இலவசக் கல்வியில் படித்து வந்த எங்களுக்கு அவளின் கட்டணச் சீட்டைப் பார்த்தால் தலை சுற்றத்தான் செய்யும். அந்த இருபது வரியும் ஒரே வகை இல்லை, மச்சான். பிரித்துப் பார்.

வெளிநாட்டு மாணவருக்கான மருத்துவக் காப்புறுதிக்கு வாக்கும் இல்லை, சாதாரணமாக விலக்கும் இல்லை. கட்டத்தான் வேண்டும். அதை விடு. அடுத்தது உடற்பயிற்சிக்கூடம், சுகநலம், வேலைவாய்ப்பு ஆலோசனை என்று பல்கலைக்கழகமே நடத்தும் சேவைகளுக்கான கட்டணம். ஒன்ராறியோ மாகாணத்தில் இதை நிர்வாகம் தன் எண்ணத்துக்குக் கூட்ட முடியாது. ரொறன்ரோ பல்கலைக்கழகம் 1996 இல் தன் மாணவர் சங்கங்களோடு ஒரு உடன்படிக்கை செய்தது. அதன்படி, கூட்டுவதென்றால் மாணவரும் அலுவலரும் சேர்ந்திருக்கிற ஒரு சபைக்கு முதலில் கொண்டுபோக வேண்டும். சபை மறுத்தாலும் நிர்வாகம் வெறுங்கையோடு போகாது. விலைவாசி போன்ற சுட்டெண்களை வைத்துக் கணக்கிட்ட ஒரு அளவுக்குக் கூட்டலாம், அதில் ஒரு பகுதி மூன்று வருடத்தோடு காலாவதியாகும். மூன்றாவது வகை மாணவர் ஒன்றியத்தின் கட்டணங்கள். உணவு வங்கி, பல் வைத்தியக் காப்புறுதி, வளாகப் பத்திரிகை, வானொலி எல்லாம் அதற்குள். பல்கலைக்கழகம் வசூலித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். புதிதாக ஒன்றைச் சேர்க்கவோ விலைவாசிக்கு மேலே கூட்டவோ மாணவர் வாக்கெடுப்பு வேண்டும். ஆக, ஆர் கேட்டது என்று கேட்டாயே, இந்த வரிகளைக் கேட்டது மாணவர்தான். இன்று படிக்கிறவர்கள் இல்லை, முந்திப் படித்துவிட்டுப் போனவர்கள். எனக்கு மனதைக் குடைகிற இடம் இதுதான்.

உன் மகள் வாரம் மூன்று தரம் போகும் நீச்சல் தடாகத்தையே எடு. 2010 பங்குனியில் ஸ்காபரோ வளாக மாணவர்கள் வாக்களித்து, பான் அமெரிக்க விளையாட்டு நிலையத்துக்கு 25 வருடத்தில் 30 மில்லியன் டொலர் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். கட்டடம் திறந்தது 2014 இல், பான் அமெரிக்கப் போட்டிகள் (அமெரிக்கக் கண்டத்து நாடுகளின் விளையாட்டு விழா) நடந்தது 2015 இல். வாக்களித்தவர்களில் பெரும்பாலானோர் பட்டம் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் தடாகத்தில் தண்ணீர் நிரம்பியது. கடைசி வருடங்களில் காசு கட்டப்போகிற பிள்ளை 2010 இல் பிறந்திருக்கவே மாட்டாது. அந்த முடிவு பிழை என்று நான் சொல்லவில்லை. மாணவர் பங்கு போடாவிட்டால் மோர்னிங்சைட் வீதியில் 50 மீற்றர்த் தடாகம் இரண்டு வந்திருக்குமோ தெரியாது. ஆனால் பிறவாத பிள்ளையின் தலையில் கணக்கு எழுதுகிறவன், எழுதும் தாளை ஒரு தரமாவது முழுதாக வாசிக்க வேண்டும்.

இப்போது மூத்தவளின் விசயம். பங்குனியில் வாக்கெடுப்பு. தவணைக்கு 25 டொலர் புதுக் கட்டணம்: உணவு வங்கிக்கு, கூடுதல் மனநல ஆலோசகர்களுக்கு, மாணவர் மண்டபத் திருத்த நிதிக்கு. "மாமா, ஓம் போடவா, இல்லை போடவா?" என்று கேட்டாள். வரைவை வாசித்துக் காட்டச் சொன்னேன். நாலாவது வரியில் நிறுத்தி, திரும்ப வாசிக்கச் சொன்னேன். அந்த வரி இது: "கட்டணம் ஆண்டுதோறும் விலைவாசிச் சுட்டெண்ணுக்கோ 5 வீதத்துக்கோ, எது கூடவோ அதற்கேற்ப உயரும்."

தேவா, இந்த "எது கூடவோ" என்ற இரண்டு சொல்லைப் பார். வருடம் 5 வீதம் ஏறினால் 25 டொலர் பதினைந்து வருடத்தில் 52 டொலர். விலைவாசி 2 வீதத்தில் நின்று, "எது குறைவோ" என்று எழுதியிருந்தால் அதே பதினைந்து வருடத்தில் 34 டொலருக்குக் கிட்ட. ஒரு சொல்லுக்கு 18 டொலர், ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒவ்வொரு தவணைக்கும். சுவரொட்டியில் 25 டொலர் என்றுதான் பெரிய எழுத்தில் வரும், இந்த வரி வராது.

தொகையையும் பெருக்கிப் பார். 14,000 மாணவர், வருடத்துக்கு இரண்டு தவணை: 7 இலட்சம் டொலர். அங்கே கோரம், அதாவது வாக்கெடுப்புச் செல்லுபடியாக வாக்களிக்க வேண்டிய ஆகக் குறைந்த ஆள் தொகை, 10 வீதம் என்று வைத்திருக்கிறார்கள். 1,400 பேர் வாக்களித்தால் போதும், அதில் 701 பேர் ஓம் என்றால் நிறைவேறும். இருபது பேரில் ஒருவர் சொன்னது மற்றப் பத்தொன்பது பேரையும் கட்டும்.

கோரத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. 1,250 பேர் ஓம், 140 பேர் இல்லை என்று வை. மொத்தம் 1,390, கோரம் இல்லை, பிரேரணை விழுந்தது. இப்போது எதிர்க்கிற இருபது பேர் கூடுதலாக வந்து "இல்லை" போடுகிறார்கள். மொத்தம் 1,410, கோரம் நிறைந்தது, பிரேரணை வென்றது! எதிர்த்து வாக்குப் போட்டவர்களே அதை வெல்ல வைத்தார்கள். இது தெரிந்தவர்கள் எதிர்ப்பதற்குப் பதிலாக வீட்டில் இருந்துவிடுவார்கள், வாக்கெடுப்பே கெட்டுப்போகும். திருத்துவது சுலபம். மொத்த வாக்கில் கோரம் வைக்காமல், ஓம் வாக்கு மட்டுமே தகுதியுள்ள மாணவரில் இத்தனை வீதம் இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டால் சரி. கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் மாணவர் நிலையக் கட்டணத்துக்குச் சட்டமே தடுப்புப் போட்டிருக்கிறது: மாணவரில் 20 வீதமாவது வாக்களிக்க வேண்டும், அதில் மூன்றில் இரண்டு ஓம் வேண்டும், அப்படி வென்றாலும் ஒரு மாணவரிடம் வருடத்துக்கு 10 டொலருக்கு மேல் எடுக்க முடியாது. அந்த உச்சவரம்பு எனக்கு நல்லாய்ப் பிடித்த விசயம்.

யாருக்குப் பயன், யாருக்குச் சுமை என்பதும் கேள்விக்குள் இருக்க வேண்டும். 2018 இல் ரொறன்ரோ நகர்நடு வளாகத்தில் யூ-பாஸ் வாக்கெடுப்பு நடந்தது. தவணைக்கு 280 டொலர் கட்டினால் நாலு மாதமும் ரிரிசி (ரொறன்ரோ நகரப் போக்குவரத்துச் சபை) பஸ், ரயில் எல்லாம் ஏறலாம். மாணவருக்கான மாதப் பாஸ் அப்போது 116.75, நாலு மாதத்துக்கு 467 டொலர். தினமும் ஸ்காபரோவில் இருந்து ஒன்றரை மணித்தியாலம் பயணம் செய்யும் பிள்ளைக்கு 187 டொலர் மிச்சம். வளாகத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்து நடந்து போகிறவனுக்கு 280 டொலர் நட்டம். ரிரிசியோ தனக்கு வருமானம் குறையக்கூடாது என்று நின்றது. அதனால் எல்லாரும் கட்டாயமாகக் கட்டினால்தான் அந்த விலை, விரும்பியவர் விலகலாம் என்று விட்டால் நடக்கிறவன் எல்லாம் விலகிவிடுவான், மிஞ்சினவர்களுக்கு விலை ஏறும். கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு "இல்லை" என்று போட்டுத் தோற்கடித்தார்கள். பஸ்ஸில் போகிற பிள்ளைகளை நினைக்க எனக்கு இன்னும் கவலைதான். ஆனால் நடந்து போகிறவனுக்கும் அந்த வாக்குச் சீட்டில் ஒரு நியாயம் எழுதியிருக்க வேண்டும்.

"அப்ப இந்தக் கட்டாயமே வேண்டாம், விரும்பினவன் கட்டட்டும்" என்று நீ சொல்லப்போகிறாய், எனக்குத் தெரியும். அதையும் இங்கே செய்து பார்த்தார்கள். 2019 தை மாதம் ஒன்ராறியோ அரசு ஒரு உத்தரவு போட்டது. விளையாட்டு, சுகநலம், வேலைவாய்ப்பு ஆலோசனை போன்றவை அவசியம், அவை கட்டாயமாக இருக்கலாம். ஒன்றியம், பத்திரிகை, வானொலி, உணவு வங்கி எல்லாம் அவசியமில்லை, ஒவ்வொரு மாணவனும் விலகிக்கொள்ளலாம். உணவு வங்கி அவசியமில்லையாம்! அந்த உத்தரவு வந்த வருடம் ஒன்றியங்களுக்குத் தங்கள் வரவு எவ்வளவு என்று தெரியாமலே வரவுசெலவு போட வேண்டி வந்தது. ஆளை வேலைக்கு எடுப்பதா விடுவதா என்று எப்படி முடிவெடுப்பாய்? வருடம் முடியமுதல், கார்த்திகையில், நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்று ரத்துச் செய்தது. பல்கலைக்கழகங்களின் தன்னாட்சி சட்டத்தில் இருக்கிறது, அதை மீறி அரசு இப்படிக் கட்டளையிடச் சட்டத்தில் இடமில்லை என்றது. 2021 ஆவணியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. மாணவர் தாங்களே வாக்களித்து ஏற்ற கட்டணத்தை மேலே இருந்து ஒருவர் ஒரு கையெழுத்தில் கலைப்பதை என்னால் ஏற்கவே முடியாது. இருபதில் ஒருவர் ஓம் என்றாலே போதும் என்பது உண்மையான குறைதான், அதற்கு மருந்து மிச்சப் பேரையும் வாக்குப் போட வைப்பது.

மூத்தவளிடம் பாதிதான் சொன்னேன், வகுப்புக்கு ஓடிவிட்டாள். மிச்சத்தை நீ சொல்லு, காசு கட்டுகிறவன் நீ.

முதலாவது, மண்டபத் திருத்த நிதியைத் தனிக் கேள்வியாகப் பிரிக்கச் சொல்ல வேண்டும். உணவு வங்கிக்கு ஓம் போட நினைக்கிறவள் மண்டபத்துக்கும் சேர்த்து ஓம் போட வேண்டி வருவது நியாயமில்லை. கட்டட நிதிக்கு எப்போது முடியும் என்று ஒரு வருடமும் வேண்டும். கடன் தீர்ந்த பிறகும் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. கட்டுவதற்குக் காசு கேட்டு, நடத்துவதற்குக் காசு கேட்காமல் விட்டிருக்கிறார்களா என்றும் பார்க்கச் சொல்லு. மின்சாரம், துப்புரவு, திருத்தம் எல்லாம் பிறகு இன்னொரு வாக்கெடுப்பாக வந்து நிற்கும்.

இரண்டாவது, ஆள் தொகை. 14,000 பேர் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். 2024 தையில் கனடிய மத்திய அரசு வெளிநாட்டு மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு போட்ட பிறகு அந்த எண்ணை நம்பி இருக்க முடியாது. 12,000 ஆகக் குறைந்தால் ஒரு இலட்சம் டொலர் துண்டு விழும், ஆலோசகரின் சம்பளம் குறையாது. அப்போது எதை வெட்டுவார்கள்? ஒதுக்குநிதி உண்டா? முதல் வருடம் காசு புரட்டாசியில் வரத் தொடங்கும், ஆலோசகரை வேலைக்கு எடுக்கத் தை ஆகிவிடும், அந்த நாலு மாத மிச்சம் ஒதுக்குநிதிக்குப் போகிறதா, பொதுக்கணக்கில் கரைகிறதா? இது எழுத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஒரு பாடம் மட்டும் எடுக்கிற பகுதிநேர மாணவருக்கும் அதே 25 டொலரா? வேலைப் பயிற்சிக்கு வேறு நகரத்துக்குப் போயிருக்கிற தவணையிலும் அறவிடுவார்களா? அவர்களுக்கும் வாக்குச் சீட்டு மின்னஞ்சலில் போகிறதா? வாக்கெடுப்பு மூன்று நாள்தான், அந்தக் கடிதம் குப்பைப் பெட்டிக்குள் விழுந்தால் விசயம் முடிந்தது. அவளைத் தன் பெட்டியை முதலில் பார்க்கச் சொல்லு.

கணக்காய்வு அறிக்கையையும் மறக்க வேண்டாம். ஒன்றியத்தின் போன வருட அறிக்கையை எடுத்து, உணவு வங்கி என்ற வரி தனியாக இருக்கிறதா என்று பார்க்கட்டும். தனி வரி இல்லாத காசை யாராலும் தேடிப் பிடிக்க முடியாது.

என் எண்ணத்தைக் கேட்டால், உணவு வங்கிக்கும் ஆலோசகருக்கும் நான் மனமார ஓம் என்பேன். மாத முடிவில் சோறும் பருப்பும் வாங்க வழியில்லாத பிள்ளைகள் அந்த வளாகத்தில் இருக்கிறார்கள், அவர்களில் எங்கட பிள்ளைகளும் உண்டு. அதனால்தான் அந்த நாலாவது வரி எனக்கு இவ்வளவு உறுத்துகிறது. நல்ல கட்டணத்தை மோசமான வசனத்தில் எழுதினால், ஐந்து வருடத்தில் மாணவரே அதை வெறுத்து, நீக்க வாக்கெடுப்புக் கேட்பார்கள்.

ஆனால் பங்குனி வரை காத்திருந்தால் பிந்திவிடும். ஒன்றியச் சபை வரைவை ஏற்கும் வரைதான் திருத்தலாம், ஏற்ற பிறகு ஓம் அல்லது இல்லை மட்டும்தான். சபை கூடுவது வாற வியாழன். மாணவர் யாரும் போய்ப் பேசலாம், திருத்தம் கொண்டுவர ஒரு சபை உறுப்பினர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். அவளுடைய துறைப் பிரதிநிதியை முன்னாலே பிடித்துக் கதைக்கச் சொல்லு. கேட்க வேண்டியது இரண்டே இரண்டு: "எது கூடவோ" என்பதை "எது குறைவோ" என்று மாற்ற வேண்டும், மண்டபத்தைத் தனிக் கேள்வியாக்க வேண்டும். வரைவின் முழு வாசகத்தையும் செவ்வாய்க்குள் எனக்கு அனுப்பட்டும், திருத்தத்தை எழுதிக் கொடுக்கிறேன்.

அக்காவுக்கு என் அன்பு. மிளகாய்த்தூள் இன்னும் இரண்டு போத்தல் இருக்கிறது, இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். பனங்கட்டி என்றால் மறுக்க மாட்டேன்.

உன்
சுந்தா