உரக்கடை அண்ணன்மாருக்கு ஒரு நர்ஸ் எழுதுறது

அண்ணே வணக்கம். நான் தாலுகா ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டில நைட் டியூட்டி பாக்குற ஸ்டாஃப் நர்ஸ். போன மாசம் ஒருத்தரை ஆட்டோல தூக்கிட்டு வந்தாங்க, சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு, வாயில நுரை, வெயில்ல மயங்கிட்டாருன்னு சம்சாரம் அழுவுது, துருவித் துருவிக் கேட்டப்பதான் காலைல இருந்து பருத்திக்கு மருந்து அடிச்சாருன்னு வந்துச்சு. என்ன மருந்தும்மா? "வெள்ளையா இருக்கும், குவார்ட்டர் பாட்டில்ல ஊத்திக் குடுத்தாங்க." லேபிளும் இல்ல பில்லும் இல்ல. கடைக்குப் போன் போட்டா "நம்மகிட்ட வாங்கலையே"ன்னு கட் பண்ணிட்டாரு உங்கள்ல ஒருத்தர்.

அப்புறம் என்ன, ஆளோட உடம்பைத்தான் படிக்கணும். கண்ணு பாப்பா கடுகு மாதிரி சுருங்கியிருக்கு, பல்ஸ் 48, நெஞ்சுல கொழகொழன்னு சத்தம், தொடைச்சதை தானா துடிக்குது. ஆர்கனோபாஸ்பேட், இல்லன்னா கார்பமேட்டு, இந்த ரெண்டு வகைப் பூச்சி மருந்துல ஒன்னுன்னு டாக்டர் சொல்லிட்டு, அதுக்கு முறிவு மருந்தான அட்ரோபின் ஒரு டோஸ் போடச் சொன்னாரு, விஷம் ஏறாத ஆளுன்னா பல்ஸ் எகிறி நாக்கு வறண்டுடும், இவருக்கு அசையவே இல்ல. அதுக்கப்புறம் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை டோஸை டபுளாக்கிக்கிட்டே போனோம், ஆம்பூல் ஒவ்வொன்னும் 0.6 மில்லிகிராம்தான், உடைச்சு உடைச்சு என் கட்டைவிரல் கிழிஞ்சுது. நெஞ்சு சத்தம் அடங்கி அக்குள் காயற வரைக்கும் நிறுத்தல. இந்த விஷம் ஏறியிருக்கான்னு ரத்தத்துல பாக்குற கோலினெஸ்டரேஸ் டெஸ்ட் எங்ககிட்ட கிடையாது, இருந்தாலும் ரிசல்ட் வரட்டும்னு கைகட்டி நிக்க முடியுமா?

மெடிக்கல் காலேஜுக்கு அனுப்புனோம், அங்க மூணாம் நாள் கழுத்தைத் தூக்க முடியாம மூச்சும் திணறி வென்டிலேட்டர் வரைக்கும் போயி பொழச்சு வந்தாரு.

எல்லாரும் இவ்ளோ தெளிவா காட்ட மாட்டாங்கண்ணே. மாட்டு உண்ணிக்குப் போடற அமிட்ராஸும் கண்ணைச் சுருக்கும், பல்ஸைக் குறைக்கும், ஆனா எச்சில் வேர்வை ஊத்தாது, சுகர் ஏறும், அங்க போயி அட்ரோபினை இப்படிக் கொட்டினா நாங்களே ஆளைக் கெடுத்துடுவோம். களைக்கொல்லி பாராகுவாட்டா இருந்தா ஆக்சிஜனைக்கூட யோசிச்சுதான் வைக்கணும், அதுவே நுரையீரலை இன்னும் கெடுத்துடும். 2013ல பீகார் கண்டாமன் கிராமத்து ஸ்கூல்ல மதியச் சாப்பாடு சாப்பிட்டு 23 பிள்ளைங்க போச்சே, எண்ணெய்ல இருந்தது மோனோகுரோட்டபாஸ்ங்கற பூச்சி மருந்துன்னு லேப் சொல்றப்ப புதைச்சே முடிச்சிருந்தாங்க.

லூஸ்ல ஊத்தக் கூடாதுன்னு உங்களுக்கே தெரியும், லேபிள்ல முறிவு மருந்து பேரு வரைக்கும் அச்சடிச்சு வருது, அதைக் கிழிச்சிட்டு சரக்கை மட்டும் குடுக்கறீங்க. அப்படியே ஊத்தித் தொலைச்சிருந்தாலும் ராத்திரி எங்க போன் வந்தா எடுங்க. கேஸ் ஷீட்ல நாங்க எழுதப்போறது மருந்து பேரு, உங்க கடை பேரு இல்ல. பேரு வாயில வரலன்னா பெரிய டப்பாவை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடுங்க, எவ்ளோ விஷம்னு காட்டுற லேபிள் முக்கோணம் சிவப்பா மஞ்சளான்னு தெரியற மாதிரி.