ஆல்ஃப் காமன் ஆயிரம் பவுண்டு சம்பாதிக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கால்பந்து வீரர்களின் விலை எப்படி ஏறி வந்தது என்று உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையில், "1905இல் ஆயிரம் பவுண்டு சம்பாதித்த முதல் வீரர் ஆல்ஃப் காமன்" என்று ஒரு வரி இருக்கிறது. ஆண்டு சரி, ஆள் சரி, தொகையும் சரி. 'சம்பாதித்த' என்ற சொல்தான் தவறு. அந்தப் பணத்தில் ஒரு பென்னிகூட காமனுக்குச் சேர வேண்டியதில்லை. இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ கிளப் கொடுத்தது, சண்டர்லாண்ட் கிளப் வாங்கிக்கொண்டது. காமனின் வாரச் சம்பளம் அன்றைய விதிப்படி 4 பவுண்டைத் தாண்ட வழியில்லை.

இந்தத் தவறு நம்மூரில் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பது புரிகிறது. ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகிய கண் நமக்கு. அங்கே ஒரு வீரர் பத்துக் கோடிக்குப் போனார் என்றால் அந்தப் பத்துக் கோடி அவருக்கு அந்த சீசனுக்கான சம்பளம். கால்பந்தில் டிரான்ஸ்ஃபர் தொகை என்பது வேறு கணக்கு. அது ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குக் கட்டுவது, சம்பளம் தனி. இன்றைய வீரர்கள் அந்தச் சம்பளத்திலேயே கோடிகளைப் பார்ப்பதால் இரண்டையும் குழப்பிக்கொண்டாலும் பெரிய சேதமில்லை. 1905இல் குழப்பினால் கதையே தலைகீழாகிவிடும்.

அன்று விற்கப்பட்டது எது என்று பார்க்க வேண்டும். ஆள் இல்லை, அவருடைய பதிவு. இங்கிலாந்தில் 1885இல் காசு வாங்கி ஆடுவது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. லீக்கில் ஆட ஒவ்வொரு வீரரும் ஏதாவது ஒரு கிளப்பின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். ஒப்பந்தம் பொதுவாக ஒரு சீசனுக்குத்தான். ஆனால் சீசன் முடிந்து ஒப்பந்தம் காலாவதியானாலும் பதிவு காலாவதியாகாது, முடிச்சு அங்கேதான். கோடையில் கிளப் தன் ஆட்களைப் பிரித்து லீக்குக்குப் பட்டியல் அனுப்பும்: இவரை வைத்துக்கொள்கிறோம், இவரை இந்த விலைக்குக் கொடுக்கிறோம், இவரைச் சும்மா விடுகிறோம். 'வைத்துக்கொள்கிறோம்' பட்டியலில் பெயர் வந்தால், கிளப் சொல்லும் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். மறுத்தால் சம்பளமும் கிடையாது, லீக்கின் வேறெந்தக் கிளப்பிலும் ஆட்டமும் கிடையாது. விலைப் பட்டியலில் வந்தவர் பாடு இன்னும் மோசம். விலையை ஏற்றி வைத்தால் வாங்க ஆள் வராது, வைத்திருப்பவரும் சம்பளம் தரமாட்டார். வீட்டில் உட்கார வேண்டியதுதான். லீக் நிர்வாகத்திடம் விலையைக் குறைக்கச் சொல்லி முறையிடலாம், குறைத்தால் உண்டு.

இதற்கு மேல் சம்பள உச்சவரம்பு. 1901-02 சீசனிலிருந்து வாரத்துக்கு அதிகபட்சம் 4 பவுண்டு. கையெழுத்துப் பணம் 10 பவுண்டுக்கு மேல் கூடாது. வெற்றிக்குத் தனிப் பரிசும் கூடாது. வருடம் முழுக்க உச்சச் சம்பளம் வாங்கினாலும் 208 பவுண்டு. ஆலைத் தொழிலாளியோடு ஒப்பிட்டால் இது நல்ல சம்பளம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1,000 பவுண்டு என்பது காமனின் 250 வாரச் சம்பளம், ஏறக்குறைய ஐந்து வருட உழைப்பு.

நம் வாசகர்களுக்கு இந்தத் தொகையைக் கண்ணில் காட்ட எளிய வழி உண்டு. நகைக்கடையில் நாம் சொல்லும் 'பவுன்' இந்த பவுண்டேதான். சாவரின் என்ற தங்கக் காசு ஒரு பவுண்டு மதிப்புள்ளது. 22 காரட், எடை 7.988 கிராம். அதை முழு எண்ணாக்கித்தான் 8 கிராமை ஒரு பவுன் என்கிறோம். ஆக காமனுக்கு வாரம் நாலு பவுன். அவருடைய பதிவுக்கு ஆயிரம் பவுன், எட்டு கிலோ தங்கம். அன்றைய இந்திய மாற்று விகிதம் பவுண்டுக்கு 15 ரூபாய் என்பதால் ரூபாயில் பதினைந்தாயிரம். உங்கள் கட்டுரையில் அதை இன்றைய மாற்று விகிதத்தில் 'சுமார் ஒரு லட்சம்' என்று போட்டிருப்பது பொருத்தமே இல்லை. எட்டு கிலோ தங்கத்தை எந்தக் கடையில் ஒரு லட்சத்துக்குக் கொடுப்பார்கள்?

ஆயிரம் பவுண்டுக்கு முன்னால் காமன் யார் என்பதையும் கட்டுரை விட்டுவிட்டது. 1880 மே மாதம் சண்டர்லாண்டில் பிறந்தவர். உயரம் 5 அடி 8 அங்குலம், எடை சுமார் 82 கிலோ. தோளால் மோதித் தள்ளுவதை விதியே அனுமதித்த காலத்தில் அந்த உடம்பு ஒரு சொத்து. ஐந்து பேர் முன்னால் ஓடும் அந்தக் கால அமைப்பில் நடு ஃபார்வர்டாகவும் அதற்கு வலப்பக்கத்திலும் ஆடுவார். 1900இல் சண்டர்லாண்டில் தொடங்கி, 1901இல் ஷெஃபீல்ட் யுனைடெடுக்குப் போனார். 1902 எஃப்.ஏ. (கால்பந்து சங்க) கோப்பை இறுதியில் சவுதாம்ப்டனுக்கு எதிராக யுனைடெட் அடித்த கோல் அவருடையது. ஆட்டம் 1-1 என்று முடிந்து, மறு ஆட்டத்தில் 2-1 என்று யுனைடெட் கோப்பையை வாங்கியது. 1904இல் இங்கிலாந்து அணிக்கும் வந்தார். மொத்தம் மூன்றே சர்வதேச ஆட்டங்கள், இரண்டு கோல். அதே வருடம் சண்டர்லாண்ட் அவரைத் திரும்ப வாங்கியபோது கொடுத்தது 520 பவுண்டு, அதுவும் காமனோடு ஒரு மாற்றுக் கோல் கீப்பரையும் சேர்த்து வாங்கிய விலை. சில மாதம் கழித்து ஏறக்குறைய இரட்டை விலைக்கு விற்றது. வியாபாரம் தெரிந்த கிளப்!

வாங்கிய மிடில்ஸ்பரோவுக்கு அவசரம். லீக்கின் மேல்தட்டான முதல் டிவிஷனின் அடிமட்டத்தில் கிடந்த கிளப் அது, வெளியூர் மைதானத்தில் வென்று ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகியிருந்தது. காமனின் முதல் ஆட்டம் 1905 பிப்ரவரி 25, அவருடைய பழைய வீடான ஷெஃபீல்ட் பிராமல் லேன் மைதானத்தில். ஆட்டம் 1-0. அந்த ஒரு கோல் காமன் அடித்த பெனால்டி.

அது என்ன பெரிய விஷயம், பெனால்டிதானே என்று நினைக்க வேண்டாம். அன்றைய பெனால்டி வேறு. கோட்டில் நின்றுதான் தடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கோல் கீப்பருக்கு இல்லை. ஆறு கெஜம் வரை முன்னால் வரலாம். பந்து இருக்கும் புள்ளி கோலிலிருந்து 12 கெஜம், கோலின் அகலம் 24 அடி. கீப்பர் ஆறு கெஜம் முன்னேறினால் சரியாகப் பாதி வழியில் நிற்கிறார். அந்த இடத்தில், கோலுக்குள் தரையோடு போகக்கூடிய பந்துகள் எல்லாம் 12 அடி அகலத்துக்குள்தான் கடக்க முடியும். கைகளை விரித்தால் கீப்பரே ஆறடியை அடைத்துவிடுவார். மிச்சம் பக்கத்துக்கு மூன்றடி. கோட்டில் நின்றிருந்தால் பக்கத்துக்கு ஒன்பதடி இருக்கும். உதைப்பவருக்குச் சாதகம் இரண்டு. பந்து கீப்பரை எட்டும் நேரம் பாதியாகிறது. தலைக்கு மேல் தூக்கிவிடவும் இடம் இருக்கிறது. ஆனால் மழையில் ஊறிய, நாடா வைத்துத் தைத்த தோல் பந்தை அப்படி நிதானமாகத் தூக்குவது எளிதில்லை. கீப்பர் கோட்டை விட்டு வரக் கூடாது என்ற திருத்தம் அந்தக் கோடையில்தான் வந்தது. காமன் அடித்தது பழைய விதியின் கடைசி மாதங்களில்.

மிடில்ஸ்பரோ அந்த சீசனை 18 அணிகளில் 15ஆவதாக முடித்துத் தப்பியது. 'ஆயிரம் பவுண்டு கிளப்பைக் காப்பாற்றியது' என்று உங்கள் கட்டுரையும் சொல்கிறது, எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வருடம் யாருமே இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கவில்லை! முதல் டிவிஷனை 20 அணிகளாக விரித்ததால், கடைசி இரண்டு இடத்தில் இருந்த பரியும் நாட்ஸ் கவுண்டியும்கூட அங்கேயே தங்கின. வாங்கும்போது இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பது வேறு விஷயம்.

காமனின் விலை உண்மையில் பலித்தது அடுத்த சீசனில் என்பது என் கணிப்பு. 1905-06இல் மிடில்ஸ்பரோவும் நாட்டிங்காம் ஃபாரஸ்டும் தலா 31 புள்ளி. ஒருவர் இறங்க வேண்டும். அப்போது கோல் வித்தியாசம் பார்ப்பதில்லை, கோல் சராசரி: அடித்த கோல்களை, எதிரணிகளிடம் வாங்கிய கோல்களால் வகுக்க வேண்டும். மிடில்ஸ்பரோ 56 அடித்து 71 வாங்கியது, 0.789. ஃபாரஸ்ட் 58 அடித்து 79 வாங்கியது, 0.734. ஃபாரஸ்ட் இறங்கியது. இந்தக் கணக்கில் மிடில்ஸ்பரோ நாலு கோல் குறைவாக அடித்திருந்தால், 52ஐ 71ஆல் வகுத்தால் 0.732, அதுதான் கீழே போயிருக்கும். அந்த 56இல் காமனின் பங்கு நாலைவிட வெகு அதிகம். 1906 மார்ச்சில் 750 பவுண்டுக்கு ஸ்டீவ் புளூமர் என்ற ஃபார்வர்டையும் கொண்டுவந்து அவரோடு சேர்த்தார்கள். பணத்தை இப்படி இறைத்த கிளப், வரம்பை மீறி வீரர்களுக்கு மறைவாகப் பணம் கொடுத்ததும் வெளிவந்து, 12 இயக்குநர்களில் 11 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள்.

காமன் விலை கிளப்பிய சூட்டில், டிரான்ஸ்ஃபர் தொகை 350 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று கால்பந்து சங்கம் 1908 ஜனவரியிலிருந்து ஒரு விதி போட்டது. சில மாதம்கூட நிற்கவில்லை. 700 பவுண்டு பெறும் ஒருவரை வாங்க வேண்டுமா? அவரோடு ஆடவே ஆடாத ஒரு உபரி ஆளையும் சேர்த்து, தலைக்கு 350 என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. விதியைத் திரும்பப் பெற்றார்கள்.

வீரர் தரப்பில் எதிர்ப்பே இல்லை என்பதுபோலக் கட்டுரை எழுதப்பட்டிருக்கிறது. 1907 டிசம்பரில் மான்செஸ்டரில் வீரர் சங்கம் தொடங்கியது. 1912இல் அது ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக ஹாரி கிங்கபி என்பவரின் வழக்கை நடத்தியது. 300 பவுண்டுக்கு வாங்கிய அவரைச் சில ஆட்டங்களோடு ஓரங்கட்டிய வில்லா, பின்னால் அவர் தலையில் 350 பவுண்டு விலை வைத்து வேறு கிளப்புக்குப் போகவிடாமல் செய்தது. வலுவான வழக்கு, ஆனால் வாதம் பிசகியது. இந்த முறையே ஒருவர் தொழில் செய்யும் உரிமையைத் தடுக்கிறது என்று வாதாடியிருக்க வேண்டும். வில்லா கெட்ட எண்ணத்தோடு விலை வைத்தது என்று வாதாடினார்கள். எண்ணத்தை நிரூபிக்க முடியவில்லை. தோற்றுச் செலவையும் கட்டியதில் சங்கம் கிட்டத்தட்டத் திவாலாகிவிட்டது. அந்தச் சரியான வாதம் நீதிமன்றத்தில் ஜெயிக்க 1963இல் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற வீரரின் வழக்கு வர வேண்டியிருந்தது. சம்பள உச்சவரம்பு அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1961இல்தான் போனது.

காமன் 1910 வரை மிடில்ஸ்பரோவில் இருந்து, வுல்விச் ஆர்சனலுக்கும், 1912இல் பிரெஸ்டன் நார்த் எண்டுக்கும் போனார். பிரெஸ்டன் அந்த சீசனில் இரண்டாம் டிவிஷனை வென்றது. 1914இல் ஆட்டத்தை விட்டு, டார்லிங்டனில் மதுக்கடை நடத்தி, 1946இல் இறந்தார்.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் இந்த வரி போதும்: "1905 பிப்ரவரியில் ஆல்ஃப் காமனின் பதிவுக்காக மிடில்ஸ்பரோ கிளப் சண்டர்லாண்ட் கிளப்புக்கு 1,000 பவுண்டு கொடுத்தது, வீரருக்கு விதிப்படி கிடைக்கக்கூடிய அதிகபட்சச் சம்பளம் வாரம் 4 பவுண்டு." படத்துக்குக் கீழே 'கோடீஸ்வர வீரர்' என்று போட்டதையும் எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை