சுன்னாகம் கிணறுகள்: கண்காணிப்புக் குழாய் வேலைத்திட்ட நிறைவு அறிக்கை

அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

எங்கள் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்திருக்கிறதா என்று பார்க்க, நீர்மட்டம் அளந்து மாதிரி எடுப்பதற்கான மூன்று கண்காணிப்புக் குழாய்களும் இறக்கியாயிற்று. சீமெந்துக் கட்டு, மூடி, பூட்டு எல்லாம் முடிந்தன. கணக்கு வாசிகசாலைப் பலகையில் ஒட்டியிருக்கிறது.

"குடிக்கத் தண்ணீர் வராத குழாய்க்கு இவ்வளவு காசா?" என்று பொதுக்கூட்டத்தில் கேட்டார்கள், படலையடியில் அதைவிடச் சத்தமாகக் கேட்டார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், சுன்னாகத்து நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்ததற்காகத் தனியார் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது உண்மைதான். தீர்ப்பு கிணற்றைக் கழுவாது. எங்கள் காலடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். தண்ணீர் வெடிப்பு வழியே போகும். ஒரு வளவுக் கிணறு நன்றாயிருக்க, வேலிக்கு அப்பால் எண்ணெய் மணக்கும். மூன்று இடத்து நீர்மட்டத்தையும் ஒப்பிட்டால்தான் தண்ணீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று ஓரளவாவது சொல்லலாம். ஒன்று போதாது.

இனி ஒப்பந்தகாரர் விவகாரம். அவர் குழாய்க்கிணறு அடிப்பதில் கெட்டிக்காரர். அதுதான் வினையாயிற்று. முதற் குழாயில் துளையுள்ள பகுதி முழுவதையும் ஆழத்தில் வைத்துவிட்டார். எண்ணெய் மிதக்கும் சாமான். துளை நீர்மட்டத்துக்குக் கீழேயே இருந்தால் மேலே படலமாய் நிற்கும் எண்ணெய் குழாய்க்குள் வராது. பெறுபேறு நன்றாக வரும், நாங்கள் ஏமாறுவோம். மாரியில் தண்ணீர் ஏறும் மட்டத்துக்கு மேலிருந்து கோடையில் வற்றும் மட்டத்துக்குக் கீழ்வரை துளை இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தோம். போதாததற்கு, மரை போட்டுப் பூட்ட வேண்டிய மூட்டுகளைப் பசை பூசி ஒட்டியிருந்தார். பசையிலுள்ள கரைப்பான் தண்ணீரில் இறங்கினால் ஆய்வுகூடத்தில் அதுவும் சேர்ந்து காட்டும். கழற்றச் சொன்னோம். "இவ்வளவு காலமும் இப்படித்தானே இறக்கிறன்" என்றார். குடிதண்ணீர்க் குழாய்க்கு அது சரி. இயந்திரம் சும்மா நின்றது, வாடகை ஏறியது. கடைசியில் புதுக்குழாய் எங்கள் செலவு, கூலி அவர் செலவு என்று முடித்தோம். பொருளாளர் உடன்படவில்லை, அதுவும் கூட்டக்குறிப்பில் உண்டு. வழக்குப் போட்டிருந்தால் இன்னும் இரண்டு மாரி போயிருக்கும்.

கைகொடுத்தவர்கள்: சந்தியடி மருந்துக்கடைக்காரர், இளைப்பாறிய தபாலதிபர் குடும்பம், ரொறன்ரோவிலுள்ள பழைய மாணவர்கள், கிழக்கு ஒழுங்கை வீட்டார் எல்லோரும், லண்டனிலிருந்து பெயர் வேண்டாம் என்ற ஒரு அம்மா, தோட்டக்காரர் சங்கம், இடம் தந்த மூன்று வளவுக்காரர்.

சோதிக்கச் சொல்லிச் சோடாப் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்தவர்கள், அதை ஏற்கவில்லையென்று மனவருத்தப்பட வேண்டாம். மாதிரியை மண்ணிறக் கண்ணாடிப் போத்தலில் விளிம்பு பொங்க நிரப்பி, மூடி, தலைகீழாகத் திருப்பித் தட்டிப் பார்ப்போம். ஒரு குமிழி தெரிந்தாலும் அதை விட்டுவிட்டு வேறு போத்தல். எண்ணெயிலுள்ள, இலகுவில் ஆவியாகும் நச்சுப் பொருளான பென்சீன் அந்தக் காற்றுக்குள் ஏறிவிடும். குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 10 மைக்ரோகிராம்தான்.

மாரிக்கு முன் ஒரு தடவை, மாரி கழிந்து தையில் ஒரு தடவை மாதிரி எடுப்போம். இரண்டும் வரும்வரை குடிதண்ணீரை இப்போது எடுக்கிற இடத்திலேயே எடுங்கள். திறப்புகள் செயலாளரிடம் இருக்கின்றன. பார்க்க விரும்புகிறவர்கள் சொல்லிவிட்டு வாருங்கள், குழு ஆள் ஒருவர் கூட வருவார்.